வியாழக்கிழமைக் கதைகள்: வாசகர்கள் சேர்ந்து ஓர் அட்டவணை போடுவம்

கொக்குவில் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை விடிய ஒரு சிறுகதை போடுற எங்கடை கதைக்காரரை இஞ்சை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தன்ரை பேரை வைத்து ஆரவாரம் வேண்டாமெண்டு அவர் கேட்டிருக்கிறார். அதாலை இந்த இழையில் 'கதைக்காரர்' எண்டு மட்டும் எழுதுவம்.

கேட்க வந்த விசயம் இதுதான். ஒவ்வொரு கதைக்குக் கீழையும் 'அருமை', 'மனசைத் தொட்டது', கைகூப்புற படம் எண்டு கனபேர் போடுறம். கதைகள் நூற்றுக்கணக்கில் வந்திட்டுது. ஆனால், 'குறிகட்டுவான் இறங்குதுறையில் கிழவி ஒராள் குடையை மறந்துபோட்டு வள்ளத்தில் ஏறுற கதை எங்கை இருக்கு?' எண்டு ஒரு பிள்ளை கேட்டால் எடுத்துக் குடுக்க எங்களில் ஒருத்தராலும் ஏலாது. பாதி வலைப்பூவில் கிடக்கு, பாதி முகநூலில். மிச்சம் வாட்ஸ்அப்பில் பேர் கழண்டு சுத்துது.

இவ்வளவு எழுதுறவருக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை, எழுதினது கைக்கெட்டுற இடத்தில் இருக்கப் பண்ணுறதுதான். அவரிட்டை அனுமதி கேட்டாச்சு. 'செய்யுங்கோ, கதைக்குள்ளை மட்டும் கைவையாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டார். எந்தெந்த விவரத்தைக் குறிக்கிறது, எப்பிடிச் சேமிக்கிறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

வடமராட்சி வாடை எழுதியது:

நல்ல முயற்சி, வாசகி. அட்டவணையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது கதையை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பதைத்தான். தலைப்பு போதாது. நிறைய எழுதுகிற எவருக்கும் தலைப்புகள் திரும்பி வரும். இவரிடமே 'மழை' என்று ஒன்றுக்கு மேல் இருக்கிறது, 'படலை' என்றும் அப்படியே. ஆகவே தலைப்புக்குப் பக்கத்தில் கதையின் முதல் வரியை அப்படியே எழுதுங்கள். ஐந்தாறு சொல் போதும். தலைப்பை அவர் பிறகு மாற்றினாலும் முதல் வரி பெரும்பாலும் மாறாது. வாட்ஸ்அப்பில் தலைப்பில்லாமல் வருகிற பிரதியையும் அதை வைத்தே பிடிக்கலாம்.

அதற்கு அடுத்ததாக முதலில் வெளியான நாள், வெளியான இடம், சொற்களின் எண்ணிக்கை. பிறகு கதை நடக்கிற ஊர், கதை நடக்கிற காலம். காலத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் ஆண்டை எழுதுவதில்லை, அடையாளத்தைத்தான் வைப்பார். யாழ்ப்பாண நிலையத்தில் யாழ்தேவி வந்து நின்றால் அது 1990க்கு முந்திய கதை, இல்லாவிட்டால் 2014 ஐப்பசிக்குப் பிந்திய கதை. இடையில் அந்த ரயில் இங்கே வரவே இல்லை. கிளாலிக் கடலேரியைக் கடக்க இரவு வள்ளம் ஏறினால் தொண்ணூறுகளின் முன்பாதி. கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதியால் பஸ் வருகிறது, ஆனால் வீட்டில் எல்லாரும் 'எப்ப மூடுவாங்களோ' என்று பேசுகிறார்கள் என்றால் 2002க்கும் 2006 ஆவணிக்கும் இடையில். இதை ஊகமாக எழுதாமல், எந்த வரியை வைத்து முடிவு செய்தோம் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். பின்னால் வருகிறவர் சரிபார்க்க அது உதவும்.

இன்னுமொன்று. ஒரே கதைக்கு இரண்டு வடிவம் இருந்தால் இரண்டையும் தனித்தனி வரியில் போட்டு ஒன்றுக்கொன்று இலக்கம் காட்டுங்கள். 'திருந்திய வடிவம் வந்துவிட்டதே' என்று பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஸ்காபரோ மாலை எழுதியது:

நாள் விசயத்தில் ஒரு பொறி இருக்கு, முதலே சொல்லிவிடுறன். முகநூல் பதிவின் நேரத்தைப் பார்க்கிறவரின்ரை ஊர் நேரத்துக்கு மாத்தித்தான் காட்டும். அவர் யாழ்ப்பாணத்தில் வியாழன் காலமை 7 மணிக்குப் போடுறது ரொறன்ரோவில் கோடை காலத்தில் புதன் இரவு 9.30, மாரியில் 8.30. இஞ்சை இருந்து எடுக்கிறவை எல்லாருக்கும் ஒரு நாள் முந்தித் தெரியும். இரண்டு பேர் ஒரே கதையை வேறு வேறு நாளில் குறிச்சால், பேந்து பாக்கிறவர் அதை இரண்டு கதை எண்டு நினைப்பார்.

அதாலை எல்லாரும் இலங்கை நேரத்தையே எழுதுவம். வெளிநாட்டில் இருக்கிறவை போனில் நேரவலயத்தைக் கொழும்புக்கு மாத்திப்போட்டுப் பதிவைத் திறந்தால் சரியான நாள் வரும். நாள் புதனாய் இருந்தால் உடனை சந்தேகப்படுங்கோ. எழுதேக்கை ஆண்டு, மாதம், நாள் எண்ட வரிசையில் 2017-03-09 மாதிரி எழுதினால்தான் வரிசைப்படுத்தேக்கை ஒழுங்காய் நிக்கும்.

எழுத்துரு எழுதியது:

சேமிக்கிறதைப் பற்றி நான் சொல்லுறன். கொஞ்சம் நீளும்.

முகநூலில் இருக்கிறதை நாங்கள் ஒவ்வொண்டாய் வெட்டி ஒட்டுறதிலும் பார்க்க, கதைக்காரரே தன்ரை கணக்கின் அமைப்புகளுக்குள்ளை போய் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' எண்டதில் பதிவுகளை மட்டும் தெரிவு செய்து எடுத்துத் தந்தால் ஒரே தரத்தில் எல்லாம் வரும். அதில் வடிவம் எது எண்டு கேட்கும். ஹெச்டிஎம்எல் எண்டதைத் தெரியச் சொல்லுங்கோ. ஜேசன் வடிவத்தில் எடுத்தால் தமிழ் எழுத்து ஒவ்வொண்டும் மூண்டு துண்டாய் உடைஞ்சு, வாசிக்க ஏலாத குறியீடாய் வரும். திருப்பிச் சேர்க்கலாம், ஆனால் அதுக்கு நிரல் எழுத வேணும்.

வலைப்பூப் பக்கங்கள் ஒவ்வொண்டையும் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கிற வேபாக் மெஷினில் 'பக்கத்தைச் சேமி' எண்டு குடுத்து, வாற முகவரியை அட்டவணையில் போடுங்கோ. வலைப்பூ ஒரு நாள் மூடினாலும் பக்கம் அங்கை நிக்கும். முகநூல் பதிவுக்கு இது சரிவராது. உள்நுழையச் சொல்லுற பக்கத்தைத்தான் அது படமெடுத்து வைக்கும்.

இனித்தான் பெரிய வேலை. அவரின்ரை ஆரம்பகாலக் கதைகள் பாமினி எழுத்துருவில் அடிச்சவை. பாமினி எண்டது ஆங்கில எழுத்துக்கு மேலை தமிழ் உருவத்தைப் போர்த்துவிட்ட மாதிரி. 'தமிழ்' எண்டு திரையில் தெரிஞ்சாலும் உள்ளுக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி எண்டுதான் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அதுதான் தெரியும். தேடினால் ஒண்டும் அகப்படாது. எழுத்துரு மாத்துற மென்பொருள் ஒண்டில் போட்டு, எல்லாக் கணினியிலும் தெரியிற யுனிகோட் ஆக்கலாம். ஆனால் இந்த மாற்றிகள் ஒரு இடத்தில் தவறாமல் சறுக்கும்.

பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லை. 'கௌரி' எண்டதுக்கும் ஒற்றைக் கொம்பு, க, ள எண்டுதான் அடிக்கிறது. 'வெளி' எண்டதுக்கும் கொம்பு, வ, ள. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதாலை மாற்றி ஊகிக்க வேண்டியிருக்கு. எல்லாத்தையும் ஔகாரம் எண்டு எடுத்துக்கொண்டால் 'வெளிநாடு' எண்டது 'வௌிநாடு' எண்டு வரும், 'வெள்ளி' எண்டது 'வௌ்ளி' எண்டு வரும். உற்றுப் பாருங்கோ, ஔகாரத்துக்குப் பின்னாலை இன்னொரு விசிறியோ புள்ளியோ தொங்கிக்கொண்டு நிக்கும். எங்கடை செய்தித்தளங்களில் இந்தப் பிழை நிறைய. பலபேர் கவனிக்கிறதே இல்லை.

திருத்துற வழி லேசு. ஔகாரக் குறிக்கு அடுத்ததாய் இன்னொரு குறியோ புள்ளியோ வந்தால் அது கட்டாயம் பிழை. ஒரு எழுத்துக்கு இரண்டு உயிர்க்குறி இருக்க ஏலாது. அந்த இடம் எல்லாத்தையும் ஒற்றைக் கொம்பும் ளகரமும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு மாத்தலாம். ஆனால் பின்னாலை குறி ஒண்டும் இல்லாத இடங்களைக் கண்ணாலைதான் பாக்க வேணும். 'கெளரவம்' எண்டு வந்ததை 'கௌரவம்' ஆக்கவேணும். 'வெளவால்' எண்டதும் அப்பிடித்தான். ஆனால் உரையாடலில் ஒரு கிழவி 'வெளக்குமாறு' எண்டு சொன்னால் அது சரி, அதை 'வௌக்குமாறு' ஆக்கிப்போடாதேங்கோ.

அடுத்தது 'கொ', 'கோ' மாதிரி எழுத்துகள். இதில் ஒகரக் குறி ஒரே துண்டாயும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாயும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும், சில மென்பொருளில் தேடினால் இரண்டும் வேறை. சேமிக்கிற எல்லாத்தையும் ஒருக்கால், குறியை ஒரே துண்டாய்ச் சேர்க்கிற என்எஃப்சி எண்ட யுனிகோட் வடிவத்துக்கு ஒழுங்காக்கிப்போட்டு வையுங்கோ.

கடைசியாய் ஒண்டு. அட்டவணையை விரிதாளில் அகர வரிசைப்படுத்தினால் மொழி அமைப்பைத் தமிழ் எண்டு குடுக்க வேணும். இல்லாட்டி குறியீட்டு இலக்க வரிசையில் போகும். அதில் ன எண்டது ந-வுக்கு அடுத்ததாய் நிக்கும். எங்கடை அரிச்சுவடியில் அது கடைசி எழுத்தெல்லோ.

கொக்குவில் வாசகி எழுதியது:

தம்பி எழுத்துரு, மெத்தப் பெரிய உதவி. 'வௌி' விசயத்தை வாசிச்சுப்போட்டுப் போய்ப் பாத்தன். வலைப்பூவில் 2010க்கு முந்தின கதை முழுக்க அப்பிடித்தான் இருக்கு.

பனங்கூடல் எழுதியது:

ஏன் இவ்வளவு பாடுபட வேணும் எண்டு கேட்கிறவைக்கு ஒரு கதையைக் காட்டுறன்.

மின்சாரம் இல்லாத காலத்துக் கதை ஒண்டு. மகன் சோதினைக்குப் படிக்கிறான். தாய் ஜாம் போத்தல் விளக்குக் கொளுத்துறா. கதைக்காரர் 'வறுமை' எண்டோ 'பொருளாதாரத் தடை' எண்டோ ஒரு சொல் எழுதேல்லை. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையிற அளவு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் தொங்குற நூல் திரி. தாய் போத்தலைச் சரிச்சு, பஞ்சு ஈரமாய் இருக்கோ எண்டு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிறா. பேந்து திரியை ஒரு நெல்லளவு கீழை இறக்கிவிடுறா. அவ்வளவுதான். சுடர் சின்னனாகுது, பொடியன் புத்தகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோறான். எண்ணெய் எவ்வளவு மிச்சம், சோதினைக்கு எத்தினை நாள் கிடக்கு, அந்த மனிசி மனசுக்குள்ளை என்ன கணக்குப் பாக்குது எல்லாம் அந்தத் திரி இறங்கின நெல்லளவுக்குள்ளை இருக்கு.

இப்பிடி எழுதுறவரிட்டைப் பிழை வந்தால் சொல்லவும் வேணும். ஒரு கதையில் மார்கழி மாதம் முற்றத்தில் பினாட்டுப் பாய் காயுது எண்டு எழுதியிருந்தார். அது நடவாது. பனம்பழம் விழுறது ஆவணி, புரட்டாதியில். பினாட்டுக்கு அந்தப் பழத்தின்ரை களியைப் பிசைஞ்சு பாயில் ஊத்தி, ஒரு படை காய அதுக்கு மேலை அடுத்த படை எண்டு நாள்கணக்காய் வெயில் வேணும். ஐப்பசி தொடங்க மழை. மார்கழியில் பாயை விரிச்சால் பூஞ்சணம்தான் பிடிக்கும். தையில் காயிறது ஒடியல், அது கிழங்கு. ஒரு வாசகர் இதை மரியாதையாய்த் தனிமடலில் எழுத, அவர் அடுத்த கிழமையே மாத்தினார். இப்ப அந்தப் பெண் பானைக்குள்ளை கிடந்த பினாட்டை எடுத்து வெட்டுறா. பாத்தால் அது முந்தினதிலும் நல்லாய் வந்திருக்கு. மழைக்குள்ளை, ஆவணி வெயிலின்ரை மிச்சத்தை எடுத்துத் தின்னுற மாதிரி. வடமராட்சி ஐயா சொன்ன 'இரண்டு வடிவத்தையும் குறியுங்கோ' எண்டதுக்கு இது நல்ல உதாரணம்.

திருச்சி வாசகர் எழுதியது:

வணக்கம். நான் இந்தக் கதைகளைத் தமிழ்நாட்டிலிருந்து தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு யோசனை. தொகுப்பாக வரும்போது உரையாடல்களைக் கொஞ்சம் பொதுத்தமிழுக்கு மாற்றினால் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு எளிதாக இருக்குமே? 'உந்த', 'உவர்' எல்லாம் வரும்போது அது 'இந்த'வா 'அந்த'வா என்று புரியாமல் நின்றுவிடுகிறோம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விரும்பித்தான் கேட்கிறேன்.

வடமராட்சி வாடை எழுதியது:

விரும்பிக் கேட்டீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

'உந்த' என்பது 'இந்த'வும் இல்லை, 'அந்த'வும் இல்லை. சொல்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது 'இது'. இருவருக்கும் தூரத்தில் இருப்பது 'அது'. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது 'உது'. அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்தை இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். மூன்றாவதை நாங்கள் இன்னும் வாயில் வைத்திருக்கிறோம்.

அவருடைய ஒரு கதையில் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்காரர் எழும்பாமலே 'உந்தக் கதிரையிலை இருங்கோ' என்கிறார். கதிரை தரகருக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தள்ளி இருக்கிறது என்பது இந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். வாசல் கதிரை அது. தரகரை அவர் உள்ளே கூப்பிடவில்லை. இதை 'அந்த நாற்காலியில் உட்காருங்க' என்று மாற்றினால் கதிரை எங்கேயோ போய்விடும், அவமதிப்பும் அதோடு போய்விடும். கதையின் முடிவு அந்த அவமதிப்பில்தான் தொங்குகிறது.

மரியாதைச் சொல்லும் இப்படித்தான். எங்களிடம் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது: வாரும், இரும், சாப்பிட்டீரே. ஆசிரியர் மாணவனிடமும், சம வயதுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றும், பல வீடுகளில் கணவன் மனைவியிடமும் பேசுவது. ஒரு கதையில் கணவன் முப்பது வருடம் மனைவியை 'நீர்' என்றே அழைக்கிறான். ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கும்போது ஒரே ஒரு இடத்தில் 'நீ பயப்பிடாதை' என்கிறான். எங்களுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். உங்கள் பக்கத்தில் கணவன் எப்போதும் 'நீ' என்றே சொல்வதால் அந்த வரி சாதாரணமாகக் கடந்துபோகும். பொதுத்தமிழாக்கினால் அந்தக் கதையில் ஒன்றுமே நடக்காது.

ஆகவே உரையாடலில் தொடவே கூடாது. பிழைதிருத்துகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். 'வாறன்' என்பதை 'வருகிறேன்' ஆக்குவது பிழைதிருத்தம் ஆகாது. திருத்த வேண்டியது ர, ற மயக்கம், ல, ள, ழ மயக்கம், விட்டுப்போன ஒற்று, இரட்டித்த சொல், மூடாத மேற்கோள்குறி. உரையாடலுக்குள் சந்தேகம் வந்தால் கதைக்காரரிடம் கேளுங்கள். அவரே ஒரு கதைக்குள் 'எண்டு' என்றும் 'என்று' என்றும் கலந்து எழுதியிருந்தால், வெவ்வேறு ஆட்கள் பேசுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூட அதிபர் 'என்று' என்பார், அவர் வீட்டு வேலி அடைக்க வந்தவர் 'எண்டு' என்பார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கடைசியில் அருஞ்சொல் விளக்கம் கொடுக்கலாம். 'படலை: வேலியில் உள்ள வாயில்' என்று ஒரு வரியில். சுட்டுச்சொல்லுக்கும் 'நீர்'க்கும் மட்டும் அரைப் பக்கக் குறிப்பு.

திருச்சி வாசகர் எழுதியது:

நன்றி ஐயா. அந்த ஆஸ்பத்திரிக் கதையை மூன்று முறை வாசித்திருக்கிறேன், இது தெரியாமலே. யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அருஞ்சொல் பட்டியலுக்கு எங்கள் பக்கத்தில் எந்தச் சொல் புரியவில்லை என்று குறித்து அனுப்புகிறேன். உங்களுக்கு அது கண்ணில் படாது.

தீவகத்தான் எழுதியது:

ஒரு மறுப்பு. கிழமைக்கு ஒண்டு எண்டு எழுதினால் தரம் குறையுந்தானே? எல்லாத்தையும் அட்டவணையில் ஏத்தி, எல்லாம் முத்து எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சால் அவருக்குத்தான் கேடு. நல்ல இருபதை மட்டும் வைத்தால் என்ன?

பனங்கூடல் எழுதியது:

தீவகத்தான் அண்ணை, அட்டவணை வேறை, தொகுப்பு வேறை. தொகுப்புக்குத் தெரிவு வேணும், கடுமையாய் வேணும். அட்டவணைக்குத் தெரிவு கூடாது. கதிரைக் கதைக்கு முதல் அதே தரகரை வைத்து அவர் இரண்டு கதை எழுதியிருக்கிறார். இரண்டும் சரிவரேல்லை. ஒண்டில் தரகர் கடைசியில் பேச்சுப் பேசுறார், மற்றதில் வீட்டுக்காரர் அழுகிறார். மூண்டாவதில் பேச்சையும் அழுகையையும் வெட்டிப்போட்டுக் கதிரையை மட்டும் வைச்சார். இளம் எழுத்தாளர் ஒருத்தர் இந்த மூண்டையும் வரிசையாய் வாசிச்சால் ஒரு வருசப் படிப்பு. நல்ல இருபதை மட்டும் வைத்தால் அந்த வழி அழிஞ்சுபோகும்.

மற்றது, நாங்கள் இருக்கிற ஊரையும் யோசியுங்கோ. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது போனது 97,000 நூல்கள் எண்டு சொல்லுறவை. 'ஈழகேசரி'யில் இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் எழுதின காலத்துக் கதையளைத் தேடுறவை இண்டைக்கும் ஒவ்வொரு இதழாய்த்தான் தேடவேண்டியிருக்கு. அந்தக் காலத்தில் ஒருத்தர் இருந்து, இந்த இதழில் இந்தக் கதை எண்டு ஒரு கொப்பியில் எழுதி வைச்சிருந்தால் எவ்வளவு லேசாய் இருந்திருக்கும்.

தீவகத்தான் எழுதியது:

அந்த மூண்டு கதை விசயம் எனக்குத் தெரியாது. சரி, அட்டவணைக்கு நானும் வாறன். தொகுப்புத் தெரிவில் மட்டும் என்ரை கத்தி கூராய்த்தான் இருக்கும்.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

தொகுப்பு அச்சிடுறதெண்டால் முதலே கணக்குப் பாக்க வேணும். கதையளைத் தெரிஞ்சு முடிச்சுப்போட்டு அச்சகத்துக்கு வந்தால் பக்கம் பொருந்தாது.

டெமி எட்டிலொன்று அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 11 புள்ளி எழுத்து, வரிக்கு வரி 15 புள்ளி. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் பிடிக்கும். இவரின்ரை கதையளில் உரையாடல் கூட எண்டதாலை இன்னும் குறையும். 1,500 சொல் கதைக்கு 8 பக்கம் எண்டு வையுங்கோ. 14 கதைக்கு 112 பக்கம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், உள்ளடக்கம், முன்னுரை எண்டு முன்னுக்கு 8 பக்கம், மொத்தம் 120. அச்சில் ஒண்டாய் அடிச்சு மடிக்கிற பாரம் ஒண்டுக்கு 16 பக்கம், அதாலை 128க்குத்தான் போக வேணும். மிச்சம் 8 பக்கம் வரும். வடமராட்சி ஐயா சொன்ன அருஞ்சொல் விளக்கமும் சுட்டுச்சொல் குறிப்பும் அந்த எட்டுக்குள்ளை வடிவாய் அடங்கும். பதினைந்தாவது கதையையும் சேர்க்க ஆசைப்பட்டால் அந்த இடம் போயிடும். இரண்டும் வேணுமெண்டால் ஒன்பதாவது பாரம், செலவு கூடும்.

80 கிராம் தாளில் 128 பக்கத்துக்கு முதுகு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரும். பசைக்கட்டுக்கு அது போதும், முதுகில் பேர் போடலாம். பசைக்கட்டெண்டால் உள் ஓரம் 20 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விடுங்கோ. குறைச்சால் வாசிக்கிறவர் புத்தகத்தைப் பிளந்து பிடிப்பார், பசை வெடிச்சுத் தாள் கழரும். ஐந்தாறு கதையோடை சின்னனாய்ச் செய்யிறதெண்டால் நடுவில் கம்பி அடிக்கிறது நல்லது. பக்கம் நாலாலை பிரிபட வேணும், 64க்கு மேலை போகக் கூடாது. போனால் நடுத்தாள்கள் வெளியாலை தள்ளும். ஓரத்தை வெட்டேக்கை நடுப்பக்கத்தின் வெளியோரம் ஒடுங்கும்.

பக்கம் வடிவமைக்கிறவருக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பேஜ்மேக்கரில் யுனிகோட் தமிழ் நிக்காது. அதாலை சிலர் திரும்பவும் பாமினிக்கு மாத்தச் சொல்லுவினம். சம்மதிக்காதேங்கோ, திருத்தின 'வெளி' எல்லாம் திரும்பவும் குழம்பும். இன்டிசைனில் செய்யலாம், ஆனால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' எண்ட தெரிவைப் போட வேணும். இல்லாட்டி கொம்பு எழுத்துக்குப் பின்னாலை போய் நிக்கும், ஒகரம் உடையும். பீடிஎஃப் ஆக்கினாப் பிறகு கொம்பு, இரட்டைக் கொம்பு, ஔகாரம் வாற ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்துப் பாத்துப்போட்டுத்தான் மிச்சத்தை அனுப்புங்கோ.

ஐஎஸ்பிஎன் இலக்கம் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கிறது. அச்சுக்குப் போக முதலே விண்ணப்பியுங்கோ. பதிப்பு விவரப் பக்கத்தில் அது வர வேணும், பின்னட்டையில் கோட்டுக்குறியும் வேணும்.

கொக்குவில் வாசகி எழுதியது:

உரிமை பற்றி யாராவது சொல்லுங்கோ. யூரியூப்பில் ஒருத்தர் கதையளைக் குரலில் வாசிச்சுப் போடுறார், பேரும் சொல்லாமல்.

வடமராட்சி வாடை எழுதியது:

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. இணையத்தில் இலவசமாகப் போட்டதால் அது போய்விடாது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன் பெயரோ புனைபெயரோ படைப்போடு வர வேண்டும் என்று கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு. குரலில் வாசிப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். முதலில் அந்தத் தம்பிக்கு நட்பாக எழுதுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்வதுதான்.

நாமும் அதே ஒழுங்கில் நிற்க வேண்டும். அட்டவணை பொதுவில் இருக்கலாம். தலைப்பும் முதல் வரியும் நாளும் இருப்பிடமும்தானே அதில் இருக்கின்றன. கதைகளின் முழுப் பிரதியை அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் எங்கேயும் ஏற்றக் கூடாது. அனுமதி தந்தால் நூலகம் நிறுவனத்தில் கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வைக்கிறார்கள். தொகுப்பு வந்தபின் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இரண்டு பிரதி.

ஸ்காபரோ மாலை எழுதியது:

கதைக்குக் கீழை போடுற கருத்தைப் பற்றியும் ஒரு சொல். 'அருமை' போடுறதில் பிழையில்லை, அவர் சந்தோசப்படுவார். ஆனால் அதோடை எந்த வரியில் நிண்டீங்கள் எண்டு ஒண்டைச் சேருங்கோ. எந்த இடத்தில் விளங்காமல் திரும்பி வாசிச்சீங்கள் எண்டதையும். அது எழுதுறவருக்கு அடுத்த வியாழன் பயன்படும். எழுத்துப் பிழையைக் கருத்துப் பெட்டியில் போடாமல் தனிமடலில், 'நாலாம் பத்தி, இரண்டாம் வரி, இந்தச் சொல்' எண்டு எழுதுங்கோ. முடிவை மட்டும் கருத்தில் எழுதிப்போடாதேங்கோ, பின்னாலை வாறவர் கருத்தைத்தான் முதல் வாசிக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பேக்கை கதையை வெட்டி ஒட்டாமல் இணைப்பை அனுப்புங்கோ. வெட்டி ஒட்டேக்கைதான் பேர் கழருது.

நெல்லியடி வாசிப்பு எழுதியது:

சத்தமாய் வாசிக்கிற கூட்டங்களுக்கும் அட்டவணையில் ஒரு குறி வேணும். 1,500 சொல் கதையை ஆறுதலாய் வாசிக்க 13, 14 நிமிசம் பிடிக்கும். பள்ளிக்கூடப் பாடவேளை 40 நிமிசம். ஒரு கதை, கதைக்க இருபது நிமிசம். 2,000 சொல்லுக்கு மேலை போனால் பிள்ளையள் கதைக்க நேரம் இராது. கூட ஆள் பேசுற கதையை ஒருத்தர் வாசிச்சால் கடைசி வாங்கில் இருக்கிறவைக்கு ஆர் பேசுறதெண்டு விளங்காது. அதாலை 'பேசுறவை எத்தினை பேர்' எண்டு ஒரு நிரலும் சேருங்கோ. இரண்டு பேர் பேசுற கதைதான் வகுப்புக்கு நல்லாய் எடுபடும். முதல் கதைக்கு ஜாம் போத்தல் கதையைத் தெரியுங்கோ. போத்தல், பஞ்சு, நூல் மூண்டையும் மேசையில் வைச்சுப்போட்டு வாசியுங்கோ. இந்தப் பிள்ளையள் அதைக் கண்டதில்லை.

கொக்குவில் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நிரல்கள் இப்பிடி: இலக்கம், தலைப்பு, முதல் வரி, நாள் இலங்கை நேரப்படி, இடம், சேமித்த முகவரி, சொல் எண்ணிக்கை, ஊர், காலம், காலத்துக்குச் சான்றான வரி, பேசுறவை எத்தினை பேர், மற்ற வடிவத்தின் இலக்கம், குறிப்பு.

வேலைப் பிரிப்பு. வலைப்பூவின் பாமினிக் கதைகள் எழுத்துருவுக்கு. அவர் மாத்தித் தாறதை வடமராட்சி ஐயாவும் நானும் கண்ணாலை பாக்கிறம். முகநூல் கோப்பைக் கதைக்காரரிட்டை நான் கேட்டு எடுக்கிறன், ஹெச்டிஎம்எல் எண்டு சொல்லித்தான். நாள் சரிபார்க்கிறது ஸ்காபரோ மாலை. ஊரும் காலமும் பனங்கூடலும் தீவகத்தானும். அருஞ்சொல் திருச்சி வாசகர் குறிச்சு அனுப்ப, விளக்கம் இஞ்சை எழுதுவம். தொகுப்பை அட்டவணை முடிஞ்சாப் பிறகு கதைப்பம், அதுவரைக்கும் ஒருத்தரும் கதை தெரிய வேண்டாம்.

குறிகட்டுவான் குடைக் கதை இன்னும் அகப்படேல்லை. அதைக் கண்டவை முதல் வரியை மட்டும் இதிலை போட்டுவிடுங்கோ.

தீவகத்தான் எழுதியது:

'காத்து எழும்ப முதல் வள்ளம் வெளிக்கிட வேணும்' எண்டு தொடங்கும். தலைப்பு 'சோளகம்'. குடை எண்டு தேடினால் வராது. கதை முழுக்க அவர் அதை 'அது' எண்டுதான் எழுதியிருக்கிறார்.